வருடம் 20,000 கொடுத்து நிதி ஆலோசகர் வைத்துக்கொள்வது தேவையா?

பீளமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 58,000. மனைவி வீட்டில் தையல் செய்கிறார், அதில் மாதம் எட்டு, ஒன்பதாயிரம் வரும். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு.

வீட்டுக் கடன் இன்னும் 18 லட்சம் பாக்கி. சேமிப்பு பாலிசிகள் நான்கு இருக்கின்றன. நான்குக்கும் சேர்த்து வருடம் 92,000 பிரீமியம் கட்டுகிறேன். போனில் ஆப் வழியாக ஏழு மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதாமாதம் மொத்தம் 8,000 எஸ்.ஐ.பி. போகிறது. ஏழு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, ஒவ்வொரு வருடமும் யாரோ ஒன்று நல்லது என்றார்கள். மாதம் 5,000 சீட்டு. வங்கியில் எஃப்.டி. 3 லட்சம். மருத்துவக் காப்பீடு கம்பெனி கொடுத்த 3 லட்சம்தான்.

போன மாதம் நண்பர் ஒருவர் செபியில் (பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்த ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பி வைத்தார். அவர் எந்த பாலிசியும் ஃபண்டும் விற்பதில்லையாம், கட்டணம் மட்டும் வாங்குவாராம். முதல் வருடம் 20,000, அடுத்தடுத்த வருடங்களுக்கு 12,000. கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. என் மனைவியின் அண்ணன் இன்ஷூரன்ஸ் முகவர். இத்தனை வருடமாக எல்லா யோசனையும் மச்சான்தான் சொல்கிறார், ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பேச்சுக்கு 20,000 கொடுப்பதா என்று வீட்டிலும் கேட்கிறார்கள். கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

தனிவழி:

தேவையில்லை நண்பா. ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் காப்பீடு), குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு, ஆறு மாதச் செலவுக்கு எஃப்.டி., மீதியை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் (50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் அப்படியே போடுவது) டைரக்ட் பிளானில் (நடுவில் ஆள் இல்லாமல் நேராக வாங்குவது) போடுங்கள். முடிந்தது. நான் 33 வயதில் இப்படித்தான் ஆரம்பித்தேன், நாலு வார இறுதியில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 20,000 உங்கள் மகள் பெயரில் வளரட்டும்.

---

மதுரை_விநியோகஸ்தர்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

“இலவசம்” என்று எதுவும் இல்லை. 2009 ஆகஸ்ட்டில் செபி ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இப்போது எங்களுக்கு வருவது, உங்கள் பணம் ஃபண்டில் இருக்கும் வரை வருடா வருடம் கிடைக்கும் கமிஷன். அதை நீங்கள் எங்களுக்குக் காசோலையாகத் தருவதில்லை, எங்கள் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானின் செலவுக்குள்ளேயே போய்விடுகிறது. 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் வந்தது, அதில் இந்தக் கமிஷன் கிடையாது. ரெகுலருக்கும் டைரக்டுக்கும் வருடத்துக்கு முக்கால் சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 20 லட்சம் போட்டிருப்பவர் வருடம் 15,000 கொடுக்கிறார். ரசீது வருவதில்லை, அதனால் கொடுப்பது தெரிவதில்லை. சேமிப்பு பாலிசிகளில் முதல் வருடக் கமிஷன் இதைவிட மிக அதிகம்.

உங்கள் மச்சான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நானும் என் வாடிக்கையாளர்களுக்கு நல்லதைத்தான் செய்கிறேன் என்று நம்புகிறேன். ஆனால் “இப்போது எதுவும் வாங்காதீர்கள்” என்று சொன்னால் அந்த மாதம் எனக்குப் புது வருமானம் இல்லை. அவருக்கும் அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

உறையூர்_அக்கா:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 92,000 பிரீமியம் என்று எழுதினீர்கள். ஆயுள் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று எழுதவில்லை. அதைத்தான் ஒரு நல்ல ஆலோசகர் முதலில் கேட்பார். என் வீட்டில் அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை.

என் கணவர் துவாக்குடி பக்கம் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளர். 2018 ஏப்ரலில் மாரடைப்பில் போனார். வயது 47. மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள், மகன் எட்டாம் வகுப்பு. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் இடத்தில் வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். அவர் பெயரில் ஐந்து பாலிசிகள் இருந்தன. ஐந்துக்குக் கட்டியவர், பத்திரமாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தார். எல்லாம் சேர்த்து வந்தது 14 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கூட்டினால் மொத்தம் 27 லட்சம். கடனை அடைத்ததும் 24.

அந்தப் பணம் கணக்கில் ஏறிய மூன்றாவது வாரம், வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளையாகத்தான் பேசினார். “சும்மா கிடக்கிறதே அக்கா, 5 லட்சம் போடுங்கள், ஐந்து வருடத்தில் நல்லா வளர்ந்து நிற்கும்” என்றார். எஃப்.டி. மாதிரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை இடத்தில் போட்டேன் என்றுகூட நினைவில்லை, அப்போது எனக்குப் படிக்கும் நிலை இல்லை. அடுத்த வருடம் மே மாதம் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஜூனுக்குள் 5 லட்சம் பிரீமியம் கட்ட வேண்டுமாம். அது யூலிப், காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி. வருடம் 5 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்டும் திட்டம். பத்திரம் கைக்கு வந்ததும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது 15 நாள் இருந்தது, இப்போது 30 நாள். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, பத்திரம் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது.

எங்கள் மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தில்லைநகரில் ஒரு ஆலோசகரிடம் போனேன். மாடியில் சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. முதல் வருடக் கட்டணம் 15,000 என்றார். என் ஒரு மாதச் சம்பளம் அப்போது 17,000. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தோமே என்பதற்காக உட்கார்ந்தேன்.

அவர் செய்த முதல் வேலை அந்த யூலிப் பத்திரத்தை எடுத்து முழுதாகப் படித்தது. அரை மணி நேரம் ஆனது, நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னார்: “இரண்டாவது பிரீமியம் கட்டாதீர்கள். பாலிசி நின்றுவிடும், ஒரு சின்னக் கட்டணம் பிடிப்பார்கள், மீதி தனி நிதிக்குப் போகும், அதற்குக் குறைந்தது 4 சதவீதம் வட்டி உண்டு. ஐந்து வருடம் முடிந்ததும் கையில் தருவார்கள். அதுவரை அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.” அப்படியே நடந்தது. 2023-இல் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பெரிய லாபம் இல்லைதான். ஆனால் இன்னும் 20 லட்சத்தை அதற்குள் கட்டியிருந்தால் என் பிள்ளைகள் படிப்புக்கு எங்கே போயிருப்பேன்? கட்டாவிட்டால் போட்டதும் போய்விடும் என்று பயந்து, கட்டத்தான் இருந்தேன். நகையை அடகு வைக்கவும் யோசித்தேன்.

மீதி இருந்த 19 லட்சத்துக்கு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “இதில் எந்தப் பணம் எப்போது வேண்டும்?” அதற்கு நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். மகள் 2020-இல் கல்லூரி போவாள், அதற்கு 4 லட்சம், எஃப்.டி. வீட்டுச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் 3 லட்சம், தொட்டால் எடுக்கிற மாதிரி. எனக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்பீடு. மீதி 12-இல் பாதி கடன் ஃபண்டில் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்), அது மகனுக்கும் அவசரத்துக்கும். பாதியை மட்டும் பங்குச் சந்தை ஃபண்டில், அதையும் ஒரே நாளில் போடாமல் எட்டு மாதமாகப் பிரித்து. பத்து வருடத்துக்கு அதைத் தொட வேண்டிய தேவை வராது என்று காகிதத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இது என்ன சடங்கு என்று அப்போது நினைத்தேன்.

2020 மார்ச் வந்தது. ஜனவரியில் 42,000 தாண்டி இருந்த பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. என் 6 லட்சம் 4 லட்சத்துச் சொச்சம் ஆகிவிட்டது. ஊரடங்கு, மருத்துவமனையில் பாதிச் சம்பளம், கணவர் உழைத்த பணம் கண்ணெதிரே கரைகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆலோசகருக்குப் போன் செய்து, “எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்” என்று அழுதேன்.

அவர் சந்தை திரும்பும் என்று சொல்லவில்லை. “எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாதும்மா” என்றார். பிறகு, “பாப்பா ஃபீஸ் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். எஃப்.டி.யில் என்றேன். “அடுத்த ஆறு மாதம் அரிசிக்கும் மருந்துக்கும்?” அதுவும் வங்கியில் இருக்கிறது என்றேன். “அப்படியானால் இந்த 4 லட்சம் இப்போது எதற்கு வேண்டும்?” எனக்குப் பதில் வரவில்லை. போன வருடம் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “காலையில் இதைப் படித்துவிட்டு அப்போதும் விற்கத் தோன்றினால் சொல்லுங்கள், விற்றுவிடலாம், பணம் உங்களுடையது” என்றார். காலையில் நான் போன் செய்யவில்லை. அந்த வருடம் நவம்பரில் சென்செக்ஸ் 44,000-ஐத் தாண்டியது. வேறு மாதிரி நடந்து, ஐந்து வருடம் எழாமல் கிடந்திருந்தாலும் மகள் கல்லூரிக்குப் போயிருப்பாள். அவர் எனக்குச் செய்து கொடுத்தது அதுதான்.

தனிவழி தம்பி சொன்ன பட்டியல் அத்தனையும் சரி. என் ஆலோசகர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அன்று ராத்திரி பத்து மணிக்கு என்னிடம் அந்தப் பட்டியல் இருந்தது, இருந்தும் விற்கப் பார்த்தேன்.

---

தனிவழி:

அக்கா, மார்ச் 2020-இல் நானும் ஒரு பகுதியை விற்றேன். அதை மேலே எழுதியிருக்க வேண்டும். நாலு வார இறுதியில் படித்தது அன்று கைகொடுக்கவில்லை.

---

பீளமேட்டுக்காரன்:

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். நான்கு பத்திரங்களில் மூன்றுதான் இருந்தன. நாலாவது பத்திரம் மச்சான் வீட்டில் இருக்கிறதாம். காப்பீட்டுத் தொகை நான்கும் சேர்த்து 11 லட்சம். வீட்டுக் கடன் 18. அதாவது நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் இந்த வீடுகூட இவர்களுக்கு மிஞ்சாது. பதினொரு வருடமாகக் கட்டுகிறேன், இந்தக் கணக்கை ஒரு நாளும் போட்டதில்லை.

இரண்டு சந்தேகம். இந்த ஆலோசகர் சரியான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, மச்சான். பாலிசியை நிறுத்தினால் மனைவிக்கும் அவருக்கும் நடுவில் மனஸ்தாபம் வரும். மனைவிக்கு அந்த வீட்டில் அப்பா இடத்தில் இருந்தவர் அண்ணன்தான்.

---

மதுரை_விநியோகஸ்தர்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். செபி இணையதளத்தில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர் காட்டும் சான்றிதழ் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2013-இல் வந்து பிறகு திருத்தப்பட்ட செபி விதிகள்படி உங்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், நீங்கள் எவ்வளவு இழப்பைத் தாங்குவீர்கள் என்று மதிப்பிட வேண்டும். கட்டணத்தைக் காசோலை, வங்கிப் பரிமாற்றம், யு.பி.ஐ. இப்படித்தான் வாங்கலாம், ரொக்கம் கூடாது. ஒரு குடும்பத்திடம் வருடத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பும் இருக்கிறது. அவர் சொன்ன 20,000 அதற்கு வெகு கீழே. உங்கள் பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் மட்டும்தான் அவருக்கு, முதலீடு உங்கள் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்குப் போக வேண்டும். புகார் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் போடலாம்.

என்னைப் போன்ற விநியோகஸ்தர்கள் தங்களை “வெல்த் அட்வைசர்” என்று சொல்லிக்கொள்ளவே கூடாது என்பது 2020-இல் வந்த விதி. விசிட்டிங் கார்டில் அப்படிப் போட்டிருந்தால் பதிவு எண் கேளுங்கள்.

---

உறையூர்_அக்கா:

அவர் சொன்னதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. முதல் சந்திப்புக்கு மனைவியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆலோசகர் உங்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவர் வேண்டாம். என்னைப் போல ஒருத்தி பிறகு தனியாக வந்து உட்காரும்போது அவருக்கு அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் போட்டிருந்த ஒரு ஃபண்டில் நாமினி இல்லை. 90,000 ரூபாய்தான். அதற்கு வாரிசுச் சான்றிதழ், நோட்டரி, கையெழுத்துச் சரிபார்ப்பு என்று பதினொரு மாதம் அலைந்தேன். இப்போது என்னிடம் பச்சை ஃபைல் ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் எந்தக் கணக்கு எங்கே, நாமினி யார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று இருக்கும். வருடா வருடம் ஜூனில் ஆலோசகரே உட்கார்ந்து திருத்துவார். என் மகளுக்கு அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மச்சான் விஷயம். நான்கையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆலோசகரும் எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் கணக்கு வேறு. முடிய இரண்டு மூன்று வருடமே இருப்பதைத் தொடர்வதுதான் லாபமாக இருக்கும். சிலதைப் பெய்ட் அப் ஆக்கிவிட்டு, அதாவது மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல், குறைந்த தொகையை முடியும் தேதியில் வாங்கிக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றைத்தான் சரண்டர் செய்ய, அதாவது நடுவிலேயே முடித்துப் பணத்தை வாங்க, வேண்டி வரும். புது டேர்ம் பாலிசி கைக்கு வந்து சேரும் வரை பழையது எதையும் தொடாதீர்கள். 41 வயதில் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது வந்தால் புதுசு கிடைக்காமலும் போகலாம்.

அந்த டேர்ம் பாலிசியை மச்சானிடமே எடுங்கள். ஆன்லைனில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள், பரவாயில்லை. அவருக்கும் கமிஷன் உண்டு, உங்களுக்கும் காப்பீடு உண்டு. நாளைக்கு உங்கள் மனைவி க்ளெய்முக்கு அலையும்போது கூட நிற்கப் போவதும் அவர்தான். என் தம்பி விஷயத்திலும் ஆலோசகர் இப்படித்தான் வழி சொன்னார். தம்பி லாரி வாங்க 3 லட்சம் கேட்டான். கொடுக்கலாமா என்று கேட்டேன். “எவ்வளவு கொடுத்தால், அது திரும்பி வராவிட்டாலும் நீங்கள் அவனோடு பேசுவீர்கள்?” என்றார். யோசித்து 80,000 என்றேன். அதைக் கொடுத்தேன். அதில் 30,000 இன்னும் வரவில்லை, போன பொங்கலுக்கு அவன்தான் கரும்பு வாங்கி வந்தான்.

---

பீளமேட்டுக்காரன்:

அக்கா, விநியோகஸ்தர் அண்ணா, தனிவழி நண்பர், எல்லோருக்கும் நன்றி.

பட்டியலில் தேடினேன், பெயரும் எண்ணும் சரியாக இருந்தன. வரும் சனிக்கிழமை பத்தரை மணிக்கு இரண்டு பேரும் போகிறோம். சீட்டுப் பாஸ்புத்தகம், கடன் கணக்கு, கம்பெனி காப்பீட்டு அட்டை எல்லாம் கொண்டுவரும்படி ஆலோசகர் சொன்னார். நாலாவது பத்திரம் கையில் இல்லை என்றேன், பாலிசி எண் இருந்தால் போதும் என்றார்.

மச்சானிடம் நேற்று மனைவியே போனில் பேசினார். “18 லட்சம் கடன் இருக்கிறது அண்ணா, அதுக்கு மேலே இவருக்கு ஒரு டேர்ம் போட வேண்டும்” என்றார். மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எனக்கே டேர்ம் இல்லைடா கண்ணு” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு வீட்டுக்கு வருகிறார்.

---

உறையூர்_அக்கா:

சனிக்கிழமை போய்வந்து எழுதுங்கள் தம்பி. மகள் படிப்புக்கு எந்த வருடம் எவ்வளவு வேண்டும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போய் யோசித்தால் நேரம் போய்விடும்.